ஆபீஸே வாந்தி எடுத்த நாள்

கடலூரிலிருந்து சிதம்பரம் வரை சல்லடை போட்டுச் சலித்தாலும், எங்கள் சர்வர் அண்ணனைப் போல ஒளிவுமறைவு தெரியாத மனிதர் அகப்படமாட்டார். மஞ்சக்குப்பத்தில் என் அலுவலகத்துக்குள் நாங்கள் சாட் செய்யும் சர்வரைப் பார்த்துக்கொள்பவர் அவர். சிதம்பரத்தில் பெண் பார்க்கப் போன வீட்டில், "சர்வர் வேலைன்னா டிப்ஸ் வருமா?" என்றார்களாம். "எங்க சர்வர்ல சாம்பாரே வராதுங்க" என்றிருக்கிறார். பெண் கிடைக்கவில்லை, பட்டப்பெயர் கிடைத்தது.

சாட்டில் பெயருக்குக் கீழே ஸ்டேட்டஸ் போடலாம். அண்ணன் அதில் உண்மையைத் தவிர எதுவும் எழுதமாட்டார். "ஆலப்பாக்கம் தாண்டிட்டேன்." "டீ குடிக்கிறேன்." "டீ சரியில்ல." மேனேஜர் அழைத்தால், "திட்டு வாங்கப் போறேன், ஜாஸ்தி நேரம் ஆவும்."

நான் நேர்மாறு. முதல் தடவை கர்ப்பமானபோது அவசரப்பட்டு எல்லாருக்கும் சொன்னேன். பிறகு எல்லாருக்கும் 'கலைஞ்சிடுச்சு' என்றும் சொல்ல வேண்டியிருந்தது. அதனால் அடுத்த தடவை, மூன்று மாதம் முடியும்வரை கணவருக்கும் பக்கத்து மேசை பாத்திமாவுக்கும் மட்டும்தான் தெரியும். கணக்குப் பிரிவில் என் சின்ன மாமனார் வேறு இருந்தார். அவர் காதில் விழுந்தால் மாமியார் ஊரான புவனகிரி முழுக்க விழுந்த மாதிரி.

ஒருநாள், பாத்திமாவுக்கு மட்டும் தெரியும்படி பூட்டி, ஸ்டேட்டஸ் போட்டுவிட்டுக் கிளம்பினேன்: "வாந்தி. ஸ்கேனுக்குப் போறேன். யார்கிட்டயும் மூச்சு விடாத."

ஸ்கேனில் குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்டுவிட்டு வெளியே வந்தால் பாத்திமாவின் போன். "ஏண்டி, சர்வரை அணைச்சுத் திரும்பப் போட்டாங்க, ஸ்டேட்டஸ் பூட்டெல்லாம் கழண்டுடுச்சு! மூச்சு விடாதன்னு ஆபீஸுக்கே சொல்லிட்டிருக்க!"

ஆட்டோ பிடித்து அலுவலகம் திரும்பினேன். உள்ளே மேனேஜர் கத்திக்கொண்டிருந்தார்.

"யோவ் சர்வர், எனக்கு எதுக்குய்யா ஸ்கேன்?"

"சர்வர்ல கோளாறு சார். ஏதோ டெஸ்ட் மெசேஜ், எல்லார் பேர்லயும் ஒட்டிக்கிச்சு."

மேனேஜரின் திரையை எட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு பெயருக்குக் கீழும் என் வாந்தி.

"ரிட்டயர் ஆவற வயசுல எனக்கு வாந்தியாம்மா!" என்று சின்ன மாமனார் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். என் பெயரை அவர் பார்த்த மாதிரியே தெரியவில்லை.

சர்வர் அறை வாசலில் நின்று, "அண்ணே..." என்றேன். அவர் திரும்பவில்லை.

"பூட்டைச் சரி பண்ணிட்டேன். சாயங்காலம் வரைக்கும் எல்லாரும் வாந்தி எடுக்கட்டும். நீ போய் உக்காரும்மா."

இப்போது நான் ஊட்டுகிற சோற்றை எல்லாம் என் மகள் துப்புகிறாள். அவள் படத்தை ஸ்டேட்டஸில் போட்டால் யார் யார் பார்ப்பார்கள் என்று திரும்பத் திரும்பச் சோதித்து, கடைசியில் போடாமலே விட்டுவிடுகிறேன். அப்புறம் ஆறுதலுக்கு அண்ணனின் பெயரைத் தேடிப் பார்ப்பேன். அன்று மாலை அவர் போட்டது, இன்றும் மாறாமல் இருக்கிறது: "எனக்கு ஒண்ணும் தெரியாது."

அவர் எழுதிய ஒரே பொய் அது.