பதினான்கு டாக்டர்களும் ஒரு மாப்பும்

விழிப்புணர்வு ஊட்டுபவர் என்று ஓர் இனம் உண்டு. உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. தெருவுக்கு ஒருவர், அலுவலகத்துக்கு இருவர், குடும்பத்துக்குக் குறைந்தது ஒரு சித்தப்பா என்று பரவலாகக் கிடைப்பவர்தான். ஊரே குறட்டை விட்டுத் தூங்குகிறது, தான் ஒருவர்தான் கண் விழித்துக் காவல் இருக்கிறோம் என்கிற களைப்பு அவர் முகத்தில் எப்போதும் இருக்கும். இவர்களில் உடல்நல விழிப்புணர்வு ஊட்டுபவர் தனி ரகம். கொஞ்சம் கொழுத்த ரகம்.

நாம் பார்க்கப்போகிறவர் ஒரு தொடக்கப் பள்ளியின் பெற்றோர் சங்கச் செயலாளர். அவருடைய வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவே ஒரே ஒரு தெருதான். காரில்தான் வருவார். ஏன்? ‘நடப்போம், நலம் பெறுவோம்’ என்று அச்சடித்த இருநூறு சுவரொட்டிகள் டிக்கியில் இருக்கின்றன. அவற்றை யார் தூக்கிக்கொண்டு நடப்பது? மணிக்கட்டில், எடுத்து வைக்கும் அடிகளை எண்ணிச் சொல்லும் கடிகாரம் ஒன்று கட்டியிருந்தார். காலுக்குச் சிரமம் கொடுக்காமல் கையை மட்டும் ஆட்டினாலும் அந்தக் கடிகாரம் ஏமாந்துபோகும் என்பது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. சோபாவில் சாய்ந்து செய்தி பார்த்துக்கொண்டே ஆட்டுவார்.

“என்னங்க, கையில ஈ கீ உக்காந்திருக்கா?” என்பார் மனைவி.

“ஆறாயிரம் தாண்டிட்டேன், பேசாம இரு.”

இப்படிப்பட்டவர் ‘உடல்நல வாரம்’ கொண்டாடத் தீர்மானித்தால் பள்ளி என்ன பாடுபடும்? சங்கக் கூட்டத்தில் சர்க்கரையின் தீமைகள் பற்றிய தீர்மானம் நிறைவேறியபோது கிரீம் பிஸ்கட் தட்டு மூன்றாவது சுற்று வந்துகொண்டிருந்தது. ஆதரிப்பவர்கள் கை தூக்கினார்கள். வாய் திறக்கும் நிலையில் யாரும் இல்லை.

மைதானத்தில் மேடை போட்டார்கள். மேடைக்கு முன்னால் நானூறு நாற்காலிகள். ஓடுவதற்கு இடமில்லாததால் விளையாட்டுப் பீரியடை எடுத்து ஒத்திகைக்குக் கொடுத்தார்கள். ‘ஓடி விளையாடுவதன் ஒன்பது பயன்கள்’ என்ற உரையை நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் தாழ்வாரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து மனப்பாடம் செய்தான். ஏழாவது பயன் வந்தபோது பொறுக்க முடியாமல் எழுந்து ஓடிவிட்டான். துரத்திப் பிடித்து வந்து, உட்கார வைத்து, எட்டாவதைச் சொல்ல வைத்தார்கள்.

விளையாட்டு டீச்சர் மட்டும் கேட்டுப் பார்த்தார். “சார், மூணு வாரமா கிரவுண்டு முழுக்க நாற்காலி. பிள்ளைங்க எங்க சார் ஓடும்?”

“மொதல்ல விழிப்புணர்வு வரட்டும் டீச்சர். ஓட்டம் பின்னாடியே வரும்.”

வாரத்தின் சிகரம், மருத்துவத் தொழில்களைப் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்தும் ஊர்வலம். பட்டியலைச் செயலாளரே கண்ணும் கருத்துமாகத் தயாரித்தார். இதய டாக்டர், எலும்பு டாக்டர், கண் டாக்டர், பல் டாக்டர் என்று பதினான்கு பிள்ளைகள். பதினான்கும் டாக்டர்கள். காய்ச்சல் பார்க்க நர்ஸ் இல்லை, மருந்து கொடுக்க ஆள் இல்லை, ரத்தம் எடுத்துச் சோதிக்க ஒரு நாதியும் இல்லை. வெள்ளைக் கோட்டுகள் மட்டும் தைத்து வந்துவிட்டன.

பதினைந்தாவதாக ஒரு மூன்றாம் வகுப்புச் சிறுமி வந்து நின்றாள். பள்ளியில் எல்லோரும் அவளை வாண்டு என்றுதான் கூப்பிடுவார்கள்.

“நான் எங்க அம்மாவா வரேன் சார்.”

“அப்படியா! அம்மா டாக்டரா கண்ணு?”

“இல்ல சார். ஆபரேஷன் ரூம் தொடைக்கிறாங்க.”

செயலாளர் கெட்டவர் இல்லை. அதுதான் சங்கடமே. கெட்டவர் திட்டியிருப்பார், சண்டை போட்டிருக்கலாம். இவர் குனிந்து கனிவாகச் சிரித்தார். “அதுவும் நல்ல வேலைதான்மா. ஆனா இது மருத்துவத் தொழில் ஊர்வலமாச்சே.”

“அம்மாவும் ஆஸ்பத்திரியிலதான சார் வேலை பாக்கறாங்க?”

“பிள்ளைங்க பெருசா கனவு காணணும் கண்ணு. நீயும் டாக்டராவே வா. கோட்டு நான் தரேன்.”

“எல்லாரும் டாக்டரா வந்தா ரூம யார் சார் தொடைப்பா?”

பதில் தெரியாத இடத்தில் பெரியவர்கள் என்ன செய்வார்கள்? தலையைத் தடவிக் கொடுப்பார்கள். தடவிக் கொடுத்தார்.

“கோட்டு வேணாம் சார்” என்றாள் வாண்டு. முகம் சுண்டிவிட்டது. அவள் அம்மா ஏற்கெனவே அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, தன் நீல நிற மேலங்கி ஒன்றைத் துவைத்து, மகளின் அளவுக்கு நாலு பக்கமும் பிடித்துத் தைத்து வைத்திருந்தார். வீட்டுக்குப் போய் என்னவென்று சொல்வது?

பார்த்துக்கொண்டிருந்த விளையாட்டு டீச்சர் அவளைத் தனியே அழைத்து விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். “அன்னைக்கு அம்மா தைச்சதப் போட்டுக்கிட்டு மேடையோரமா என்கூட நில்லு. மாப் ஒண்ணு நான் எடுத்துட்டு வரேன்.”

“எதுக்கு டீச்சர்?”

“பதினாலு டாக்டருக்கும் மேடையில ஜூஸ் தரப்போறாங்களாம்.”

அந்த நாளும் வந்தது. ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பதால் வரும் கேடுகளைப் பற்றிச் செயலாளர் நாற்பது நிமிடம் பேசினார். நானூறு பிள்ளைகளும் வெயிலில் அசையாமல் உட்கார்ந்து கேட்டார்கள். பிறகு டாக்டர்கள் மேடை ஏறினார்கள். ஆளுக்கு ஒரு கோப்பை சிவப்புப் பழச்சாறு. அதில் பழம் எங்கே இருந்தது என்பது ஆராய்ச்சிக்குரியது, சர்க்கரை இருந்தது. எலும்பு டாக்டரின் ஸ்டெதாஸ்கோப்பைப் பல் டாக்டர் இழுக்க, பல் டாக்டர் கண் டாக்டர் மேல் சாய, எட்டுக் கோப்பைகள் ஒரே நேரத்தில் கவிழ்ந்தன. மேடை முழுக்கச் சிவப்பு. பதினான்கு டாக்டர்களும் ஓரமாக ஒதுங்கி நின்று தரையைப் பார்த்தார்கள். எந்தச் சிறப்புப் பிரிவிலும் அதற்கு வைத்தியம் இல்லை.

மேடையின் பின்பக்கம் நின்றிருந்த செயலாளர், நிறைவுரை சொல்ல மைக்கும் கையுமாக முன்னால் ஓர் அடி எடுத்து வைத்தார். அதற்குள் நீல மேலங்கி ஒன்று, தன்னைவிட உயரமான மாப்பைத் தூக்கிக்கொண்டு மேடை ஏறி, ஒரு நாற்காலியை அவருக்குக் குறுக்கே இழுத்துப் போட்டது.

“நில்லுங்க சார். ஈரம்.”

செயலாளர் மைக்கிலேயே சிரித்தார். “பரவால்லம்மா. நான் சுத்தி வந்துடறேன்.”

“காயற வரைக்கும் யாரும் வரக்கூடாது சார்.”

“நான் செயலாளர்மா.”

“பெரிய டாக்டரே நிப்பாரு சார். எங்க அம்மா சொன்னா நிப்பாரு.”

மைக் அதைக் கடைசி வரிசைவரை கொண்டுபோய்ச் சேர்த்தது. செயலாளர் நின்றார். வேறு வழி? கையை ஆட்டவும் தோன்றவில்லை. முதல் தடவையாகக் கடிகாரமும் காலும் ஒரே கணக்கைச் சொல்லின. வாண்டு தூர மூலையில் தொடங்கி, துடைத்த இடத்தில் கால் படாமல் பின்னோக்கி வந்தபடி துடைத்தாள். பிழிந்தாள். மறுபடி துடைத்தாள். வெள்ளைக் கோட்டைப் பார்த்துப் பயந்து ஓடுகிற கிருமி இன்னும் பிறக்கவில்லை. அது ஓடுவது இந்தத் துணிக்கும் தண்ணீருக்கும்தான். எத்தனையோ பேர் தையலோடு நல்லபடியாக வீடு திரும்புவது இந்த வேலையால்தான். ஆனால் இதற்குப் பட்டியலில் இடம் இல்லை, பொன்னாடையும் இல்லை.

கடைசி வரிசைக்குப் பின்னால், பெற்றோர் நின்ற இடத்திலிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

“இடது பக்க மூலைய விட்டுட்ட பாப்பா.”

கூட்டம் சிரித்தது. வாண்டு சிரிக்கவில்லை. போய் மூலையைத் துடைத்தாள், குனிந்து விரலால் தொட்டுப் பார்த்தாள், நாற்காலியை நகர்த்தினாள்.

“இப்ப வாங்க சார்.”

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. நிறைவுரையை யாரும் கேட்கவில்லை. மேடையிலிருந்து இறங்கிய வாண்டுவின் மேலங்கியில் அவிழ்ந்திருந்த முடிச்சை அம்மா வந்து கட்டிவிட்டார். விளையாட்டு டீச்சரோ, யார் முதலில் நாற்காலிகளை அறைக்குள் கொண்டுபோய் அடுக்குவது என்று வகுப்புகளுக்குள் பந்தயம் வைத்தார். கால் மணி நேரத்தில் மைதானம் காலி. மூன்று வாரக் கடனைப் பிள்ளைகள் ஓடித் தீர்த்தார்கள்.

செயலாளர் திருந்தினாரா? இந்த இனம் திருந்துவதில்லை, சேர்த்துக்கொள்ளும். அடுத்த கூட்டத்தில் எழுந்து, “துப்புரவும் மருத்துவத் தொழில்தான்னு நான் ஆரம்பத்துலேர்ந்தே சொல்லிட்டு வரேன்” என்றார். தூய்மை விழிப்புணர்வு வாரத்துக்குத் தேதியும் குறித்தாகிவிட்டது. பிஸ்கட் துணுக்குகள் தரையெங்கும் கிடந்தன.

படிக்கும்போது உங்களுக்கு யாரோ ஒருவர் நினைவுக்கு வந்திருப்பார். இதை அவருக்கு அனுப்பினால் அவருக்கு நல்ல பாடமாக இருக்குமே என்று தோன்றுகிறதா? அடுத்தவருக்குத்தான் பாடம் தேவை என்று முதலில் தோன்றுவதுதான் இந்த நோயின் முதல் அறிகுறி. பயப்படாதீர்கள், தாராளமாக அனுப்புங்கள். சாய்ந்த இடத்திலிருந்து விரலால் தட்டி அனுப்பாமல், நடந்துபோய்க் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள். போகிற வழியில் எங்காவது தரை ஈரமாக இருந்தால், நீங்கள் யாராக இருந்தாலும் சரி, நில்லுங்கள்.