அனுபவமுள்ள ஆள்

1989, ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பது ஏழுக்கு முதல் தகடு உடைந்தது.

பாலேந்திரா வேலைக்குச் சேர்ந்து ஏழு நிமிடம் ஆகியிருந்தது. லண்டன் ஈஸ்ட் ஹாமில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை செய்யும் சிறிய பட்டறை. மெல்லிய அக்ரிலிக் தகடு வெட்டுவதில் பத்து வருச அனுபவம் என்று போனில் சொல்லியிருந்தான். அதுவரை அவன் வெட்டியது பேக்கரியில் பாண்.

மேசையில் ஆறு தகடுகள். ஒவ்வொன்றையும் நேராக இரண்டாக்க வேண்டும், வெடிப்பு விழக் கூடாது, புடவைக்கடைக்காரர் பன்னிரண்டு மணிக்கு வருவார் என்று முதலாளி வைத்தியநாதன் சொல்லியிருந்தார். போனிலேயே அவர் சொன்னது: முதல் நாள் சரிவந்தால் வேலை நிரந்தரம். இந்தச் செய்தியின் கடைசிச் சொல்லை மட்டும் கேட்ட மனைவி தவமலர், வெள்ளிக்கிழமையே தன் துப்புரவு வேலையை விட்டுவிட்டாள்.

கத்தியால் ஒரு கோடு கீறி, மேசை விளிம்பில் வைத்து அமத்தினான். தகடு விரலளவு நேராகப் பிளந்தது. பிறகு தேம்ஸ் ஆறு மாதிரி வளைந்து போனது.

துண்டுகளை ஹீற்றருக்குப் பின்னால் செருகிவிட்டு அலுவலக அறைக்குப் போனான். இங்கே வழக்கமாக எத்தனை தரம் கீறுவீர்கள் என்று சும்மா கேட்பது போலக் கேட்டான்.

"உமக்குத் தெரியாததே?" என்று சொல்லி, வைத்தியநாதன் போனை எடுத்துக் காதில் வைத்தார். போன் அடித்திருக்கவில்லை.

கோடு தெரியட்டும் என்று இரண்டாவது தகட்டில் ஒட்டியிருந்த காப்புத்தாளை உரித்தான். கீறப் பிடித்த அடிமட்டம் வழுக்கி, தகடு உடைந்தது. துண்டுகள் கோட்டுப் பைக்குள் போயின.

மூன்றாவதுக்கு மின்வாள். வாள் போன வழியெல்லாம் தகடு உருகி, பின்னாலேயே ஒட்டிக்கொண்டது. வெட்டி முடித்தபோது தகடு ஒன்றாகவே இருந்தது. அதைப் பிரிக்கப் போனதில் நான்கானது. நான்கும் சாப்பாட்டுப் பைக்குள், புட்டுக்குக் கீழே.

குளிரால்தான் உடைகிறது என்று முடிவுசெய்து நான்காவதை ஹீற்றரில் சாய்த்தான். அப்பளம் போலச் சுருண்டது. நிமிர்த்துவதற்காக ஐந்தாவதை அதன்மேல் வைத்து ஏறி இருந்தான். இரண்டும் போயின. ஒளிக்க இடமில்லை. ஸ்வெற்றருக்குள் நுழைத்தான்.

வைத்தியநாதன் கதவடியில் தலையை நீட்டினார்.

"எப்பிடிப் போகுது?"

"வடிவாப் போகுது, அண்ணை." மரியாதைக்குச் சற்றுக் குனிந்தான். படக் என்றது.

"என்ன சத்தம்?"

"முழங்கால், அண்ணை."

வைத்தியநாதன் அனுதாபமாகத் தலையாட்டினார். மேசைக்குக் கிட்ட வரவேயில்லை. கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

பதினொன்றரை. ஒரு தகடுதான் மிச்சம். பில் எழுதும் கிரிஜா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, கதவடி மேசையில் பில் எழுதக் குந்தினாள். அவன் வாங்கவில்லை, கையை அசைத்தால் வயிறு சத்தம் போடும். இவற்றை எங்காவது போட்டுவிட்டு, பின்கதவால் ஓடி, தவமலரின் பழைய வேலையையாவது திருப்பிக் கேட்க வேண்டும். மூலையில் பெரிய இரும்பு அலுமாரி ஒன்று நின்றது. மெல்ல நகர்ந்து போய்க் கைபிடியில் கை வைத்தான்.

கிரிஜா பில்லிலிருந்து தலை நிமிராமல் சொன்னாள்:

"அதைத் திறக்காதேங்கோ அண்ணை. போன கிழமை முழுக்க முதலாளி உடைச்சது உங்கட காலில விழும்."