முப்பத்துமூன்றாவது கதிரை

யேசு மரி சூசை

திருகோணமலை,
12.07.1979, வியாழக்கிழமை.

மதிப்புக்குரிய நிக்கலஸ் அத்தான் அவர்களுக்கு,

பற்றிக் எழுதுவது. இங்கு நாங்கள் எல்லாரும் சுகம். நீங்களும் சீலா அக்காவும் கொழும்பில் சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன். கொம்பனிக் கடிதம் எதுவும் பிரதி இல்லாமல் போகக்கூடாது என்பது மனேச்சரான உங்களுடைய உத்தரவு. ஆகையால் இதையும் அடியில் காபன் தாள் வைத்தே எழுதுகிறேன். சுகம் என்று எழுதிவிட்டேனே தவிர, மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

எங்கள் இறாலை வாங்குகிற ஒல்லாந்துக் கொம்பனி, அதை உரிக்கிற பெண்களை எப்படி நடத்துகிறீர்கள் என்று கேள்வித்தாள் அனுப்பியது உங்களுக்குத் தெரியும். அந்த நாட்டில் கடைக்கு வருகிற சனம் இப்போது இதையெல்லாம் கேட்கிறதாம். "எல்லாத்துக்கும் ஓம் எண்டு போட்டு அனுப்படா" என்று ட்ரங்க் கோலில் சொன்னீர்கள். போட்டேன். கதிரையில் இருந்து வேலை செய்கிறார்களா? ஓம். கையுறை உண்டா? ஓம். காயப்பட்டால் வைத்தியம் உண்டா? ஓம். அந்த ஓமையெல்லாம் நேரில் பார்க்க ஒரு வெள்ளைக்கார அம்மா ஒல்லாந்திலிருந்தே வந்து இறங்குவா என்று நீங்களும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

கிண்ணியாவில் எங்களுக்கு இறால் உரித்துத் தருகிற அபூதாஹிர் நானாவின் கொட்டிலை நீங்கள் பார்த்ததில்லை. பெண்டுகள் விடியத் தொடங்கி ஐஸ் தண்ணீர் ஓடுகிற சீமெந்தில் நின்றபடியே உரிக்கிறார்கள். இருக்க ஒரு பலகை கிடையாது. ஆகவே நான் மாதா கோயில் மண்டபத்துக் கதிரைகளைப் பங்குச் சுவாமியிடம் இரவல் வாங்கி, லொறியில் ஏற்றி, துறையில் பாதைப் படகில் ஆற்றைக் கடத்தி, கொட்டிலில் வரிசையாகப் போட்டேன். பெயர் இடாப்பில் முப்பத்துமூன்று பேர், கதிரையும் முப்பத்துமூன்று. அவசரத்தில் ஒன்றை மறந்துபோனேன். முப்பத்துமூன்றாவது ஆளான நஜ்முன் நிஸாவை வரவேண்டாம் என்று மறித்ததே நான்தான். இறால் முள் குத்தி வலது கை மணிக்கட்டு வரை வீங்கிக் கிடந்தது. "தம்பி, ஆஸ்பத்திரியில காட்டவேணும்" என்று அபூதாஹிர் நானா சொன்னார். "வெள்ளைக்கார அம்மா வந்து போகட்டும் நானா, பிறகு பாப்பம்" என்று சொன்னேன். அது போன வெள்ளிக்கிழமை.

செவ்வாய்க்கிழமை அம்மா வந்தா. மொழிபெயர்க்க எங்கள் கொன்வென்டில் இங்கிலீஷ் படிப்பிக்கிற கிறிஸ்டின் ரீச்சரைப் பிடித்திருந்தேன். பெண்டுகளுக்கு மூன்று முறை பாடம் சொல்லிக் கொடுத்தேன்: அம்மா வந்தாலும் அசையக்கூடாது, இருந்தபடியே உரிக்கவேண்டும். எல்லாரும் தலையாட்டினார்கள். அம்மா வாசலில் கால் வைத்தா. முப்பத்திரண்டு பேரும் ஒன்றாக எழும்பி நின்றார்கள். வீட்டுக்கு வந்தவர் நிற்க, தாங்கள் இருக்கிற வழக்கம் அந்தப் பெண்டுகளுக்கு இல்லை. நான் கண்ணைக் காட்டினேன், கையைக் காட்டினேன், பல்லைக் கடித்தேன். ஒருத்தியும் இருக்கவில்லை.

"எப்பவும் நிண்டுதானோ வேலை?" என்று அம்மா கேட்டதை ரீச்சர் தமிழில் கேட்டா. சித்தி பரீதா என்ற பெண் மரியாதையாகப் பதில் சொன்னா:

"ஓம். இண்டைக்குத்தான் இருந்த. நீங்க முதல்ல இருங்க, நாங்களும் இருக்கிறம்."

சொல்லிக்கொண்டே வெறுங்கதிரையைத் துடைத்து இழுத்துப் போட்டா. "இது நிஸாட இடம். பரவாயில்ல, இருங்க."

அம்மா இருக்கவில்லை. நிஸா யார், எங்கே என்று கேட்டா. நான் முந்திக்கொண்டு, கலியாண வீட்டுக்குப் போய்விட்டா என்றேன். முப்பத்திரண்டு பேரும் என்னையே பார்த்தார்கள். கிறிஸ்டின் ரீச்சர் அதையும் மொழிபெயர்த்தா. பிறகு, நீங்கள் சொல்லித் தந்ததைச் சொன்னேன்: கொட்டில் அபூதாஹிருடையது, பெண்டுகள் அவருடைய ஆட்கள், எங்களுக்குச் சம்பந்தமில்லை.

"அப்ப இறால் ஆருடையது எண்டு கேக்கிறா" என்றா ரீச்சர்.

ஐஸ் பெட்டி எனக்கு முன்னால்தான் கிடந்தது. அதில் எங்கள் கொம்பனியின் பெயரை முழ அளவில் எழுதுவித்தவர் நீங்கள்.

போகும்போது அம்மா இன்னொரு தாளைத் தந்தா. கடைசியில் ஒரு பெரிய வெற்றிடம்; நிஸாவுக்கு என்ன நடந்தது என்று அதில் எழுதிக் கையெழுத்து வைத்து, வெள்ளிக்கிழமை பகல் அவ ரயிலேறுமுன் கொடுக்கவேண்டுமாம். "பிழையிருந்தால் சேர்ந்து திருத்துவம், வாங்கிறதை நிப்பாட்டமாட்டம். மறைச்சால்தான் நிப்பாட்டுவம் எண்டு சொல்லுறா" என்று ரீச்சர் சொன்னா. இதை நம்பலாமோ அத்தான்? உண்மையைச் சொல்லப்போய், முப்பத்துமூன்று குசினியிலும் அடுப்பு எரியாமல் போனால் யார் பதில் சொல்லுகிறது?

நேற்று நிஸாவின் வீட்டுக்குப் போனேன், கலியாண வீட்டுக் கதையைச் சொல்லிக் கொடுக்க. கையைச் சீலைத் துண்டால் சுற்றியிருந்தா. இடது கையால் தேத்தண்ணி தந்து, அதற்கு மன்னிப்பும் கேட்டா. கை நோகிறது என்று ஒரு சொல் சொல்லவில்லை. "சேர், என்ட இடத்துக்கு வேற ஆளப் போட்டிட்டீங்களா?" என்றுதான் கேட்டா. எனக்கு வெட்கமாக இருந்தது. கொண்டுபோன கதையைச் சொல்லாமல் திரும்பி வந்துவிட்டேன்.

ஆனாலும் உங்கள் சொல்லை நான் தட்டமாட்டேன். கிண்ணியாக் கொட்டிலுக்கும் கொம்பனிக்கும் தொடர்பில்லை என்று உடனே ஒரு தந்தி அடிக்கும்படி இன்று ட்ரங்க் கோலில் உங்கள் ஒபீசில் சொல்லி வைத்திருக்கிறேன். அதைக் காட்டிச் சமாளிப்பேன். வெற்றிடத்தில் கலியாண வீடு என்றே எழுதுகிறேன். இந்த வேலையை எனக்கு எடுத்துத் தந்தவர் நீங்கள், அதை மறக்கமாட்டேன். ஆண்டவர் உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளையும் குறையாத சுகத்தையும் அருள்வாராக. அக்காவுக்கு என் அன்பு.

கீழ்ப்படிவுள்ள மைத்துனன்,
பற்றிக்

பி.கு.: வெள்ளி முற்பகல். நேற்றிரவு வரை தந்தி வரவில்லை. வெற்றிடத்தில் கலியாண வீடு என்று எழுத உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. விடிய முதல் பாதைப் படகிலேயே போய் நிஸாவைக் கூட்டிவந்து ஆஸ்பத்திரியில் காட்டினேன். கீறி முள்ளை எடுத்தார்கள். இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் விரல் போயிருக்கும் என்று டொக்டர் என்னைத்தான் ஏசினார். அங்கிருந்து நேரே அம்மாவிடம் போனேன். நடந்ததையெல்லாம் திரும்ப எழுத நேரமில்லை. இந்தக் கடிதத்தில் எல்லாம் இருக்கிறதுதானே, இதையே தாளோடு குத்திக் கொடுத்துவிட்டேன். ரீச்சர் ஒரு வரி விடாமல் வாசித்துச் சொல்லுகிறா. உங்கள் கைக்கு வருவது காபன் பிரதி, எழுத்து மங்கலாக இருந்தால் பொறுக்கவும்.

இன்னொன்று. கோயிலுக்கு முப்பத்திரண்டு கதிரைதான் திரும்பிப் போனது. மற்றது கொட்டிலில் நிஸாவின் இடத்தில் கிடக்கிறது. அது யாருடைய பொறுப்பு என்று சுவாமி எழுதிக் கேட்டால், இந்த முறை நீங்களே பதில் போடுங்கள்.