செவலை செத்த காகிதம்

ஒரு காட்டில், காடென்றதும் புலியைத் தேடாதீர்கள், இது பருத்திக்காடு, வீராயி என்றொரு பிணந்தின்னிக் கழுகு இருந்தாள். தலை மொட்டை, மனசு சுத்தம். உயிருள்ளதைத் தொடக்கூடாதென்பது அவள் குலத்து வழக்கம். வானத்தில் பத்துச் சுற்று சுற்றி, செத்ததுதான் என்று உறுதியான பிறகே இறங்குவாள். அந்த வாரம் சுற்றியதுதான் மிச்சம். கூட்டில் ஒற்றைக் குஞ்சு கத்தக்கூடத் தெம்பில்லாமல் கிடந்தது.

அன்றைக்கு வரப்போரம் செவலைக் காளை காலை நீட்டிக் கிடந்தது. டிராக்டர் வந்த பிறகு வேலையில்லாத கிழட்டு மாடு. முன்பென்றால் நேரே இறங்கலாம். இப்போது இறப்புச் சான்றிதழ் இல்லாமல் யாரும் அலகு வைக்கக் கூடாதாம். குஞ்சின் பசி பத்துச் சுற்றுவரை பொறுக்காது. மூன்றே சுற்றோடு ஆபீசுக்குப் பறந்தாள் வீராயி.

ஆபீசர் ஓர் உடும்பு. அன்று என்ன நல்ல நேரமோ, மனுவைப் படிக்காமலே முத்திரை குத்திவிட்டது.

காகிதத்தைக் கவ்விக்கொண்டு திரும்பினால், செவலை எழுந்து நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது. வீராயிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அதைவிடக் கூத்து, அன்றைக்கே செவலைக்கு வைக்கோல் நின்றுபோனது. செத்த மாட்டுக்கு ஏது தீனி?

இரண்டும் ஆபீசுக்கு ஓடின. தப்பு என்னுடையதுதான், செவலை மாமா உயிரோடு இருக்கிறார் என்று வீராயி மன்றாடினாள்.

உடும்பு தலை நிமிரவில்லை. "செத்துட்டார்னு எழுதிக் குடுத்ததே நீங்கதானேம்மா?"

"நானே வந்து நிக்கிறேனே, சார்," என்றது செவலை.

"நிக்கிறது சரி. உயிரோட இருக்கிறதுக்குச் சான்றிதழ் வேணும். அந்த வரிசையில நில்லுங்க."

வரிசை புளியமரம்வரை நீண்டிருந்தது. முதல் நாள் செவலை நின்றது. இரண்டாம் நாள் மரத்தில் சாய்ந்து நின்றது. வீராயி மேலே சுற்றிக்கொண்டே, ஆச்சா மாமா என்று கேட்டபடி இருந்தாள். மூன்றாம் நாள் பதில் வரவில்லை.

இந்த முறை பத்துச் சுற்றையும் ஒழுங்காகச் சுற்றினாள். சான்றிதழ் தயாராகத்தான் இருந்தது; தேதி மட்டும் மூன்று நாள் முந்தி. உடும்பு அதைப் பெரிதுபடுத்தவில்லை. அழுதுகொண்டேதான் குஞ்சுக்கு ஊட்டினாள். அது வயிறு முட்டத் தின்றது.

மறுவாரமே கூட்டை அந்தப் புளியமரத்துக்கு மாற்றிவிட்டாள். குஞ்சு இப்போது நன்றாகக் கொழுத்திருக்கிறது. கீழே வரிசையில் யாராவது கால் மாற்றி நின்றால் போதும், "அம்மா, சுத்த ஆரம்பிக்கலாமா?" என்று கேட்கிறது.

நீதி: இரை தேடி வானமெல்லாம் அலையாதீர்கள், ஆபீஸ் வாசலில் நல்ல மரமாகப் பாருங்கள்.