பன்னிரண்டு ஜெர்ஸியும் ஒரு கிண்ணம் மஞ்சளும்

ஒரு அணி தோற்றால் கோச்சைத் திட்டுவார்கள், கேப்டனைத் திட்டுவார்கள், ரெஃபரியின் வம்சத்தையே இழுப்பார்கள். ஜெர்ஸி துவைத்தவனை யாரும் திட்டுவதில்லை. என்னைத் திட்டியிருக்கிறார்கள், அதில் நியாயமும் இருந்தது.

அப்போது எனக்கு வயது இருபத்து நான்கு. சாலைக் கடைத்தெருவில் பாத்திர மொத்த வியாபாரம் செய்த முதலாளி ஒருவர், ஏதோ ஆசையில் ஒரு புரொஃபஷனல் பாஸ்கெட்பால் அணியை வாங்கியிருந்தார். அப்பாவின் சிநேகிதர். அந்த உறவில் நான் டீம் மேனேஜர் ஆனேன். (பந்தைத் தொட்டதில்லை. பி.காம். படித்தவன், ரயில் டிக்கெட் எடுக்கத் தெரியும், போதாதா?) டிக்கெட், சாப்பாடு, ஜெர்ஸி, மூன்றும் என் பொறுப்பு.

அந்த சீசனில் முதல் நாலு மேட்ச் ஜெயித்தோம். அடுத்த அஞ்சும் தோற்றோம். கடைசி மேட்ச் எங்கள் ஊரில், திருவனந்தபுரத்தில். அதற்கு இரண்டு நாள் முன்பு முதலாளி எல்லாரையும் கடைக்குக் கூப்பிட்டு, குத்துவிளக்குகளுக்கு நடுவே நிறுத்திச் சொன்னார்: "ஜெயிச்சு ஸெமி ஃபைனல் போனா அடுத்த வருசமும் டீம் உண்டு. இல்லன்னா இழுத்து மூடிருவேன், பாத்துக்கிடுங்க."

விளையாடுகிறவர்கள் பயிற்சிக்குப் போனார்கள். நான் யோசிக்கப் போனேன். அங்கேதான் பிடித்தது சனி.

எங்கள் வலியசாலை வீட்டில் புதுத்துணிக்கு மஞ்சள் வைக்காமல் யாரும் உடுத்துவதில்லை. அம்மா உள் மடிப்பில், வெளியே தெரியாத இடத்தில், ஒரு கடுகளவு வைப்பாள். அணியின் ஜெர்ஸிகளுக்கு அந்த யோகம் கிடைத்ததில்லை. தோல்விக்குக் காரணம் விளங்கிவிட்டது. ராசியில்லாத பழைய ஜெர்ஸிகளை, வெள்ளை நீலம் இரண்டு செட்டையும், கடைத்தெருவில் மூட்டை தூக்குகிறவர்களுக்குக் கொடுத்துவிட்டேன். கடைசி மேட்ச்சுக்கென்று வந்த புது வெள்ளை ஜெர்ஸி பன்னிரண்டையும் வீட்டுக்குக் கொண்டு போனேன். கடுகளவுக்கே பலன் உண்டென்றால் வடை அளவுக்கு எவ்வளவு இருக்கும்? ஒரு கிண்ணம் மஞ்சளைக் குழைத்து, ஒவ்வொன்றின் நெஞ்சிலும் அப்பினேன்.

மேட்ச் அன்று மத்தியானம் பார்த்தபோதுதான் வெள்ளைத் துணியில் மஞ்சள் எப்படித் தெரியும் என்று தெரிந்தது. அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். பார் சோப்பை எடுத்துத் தேய்த்தேன். மஞ்சள் சிவப்பாகியது. பயந்து இன்னும் தேய்த்தேன். இன்னும் சிவந்தது. அலசக்கூட நேரமில்லை. அப்படியே இஸ்திரி போட்டு ஆட்டோ பிடித்தேன்.

ஸ்டேடியத்தில் பையைத் திறந்ததும் கோச் தங்கச்சன் சார் உட்கார்ந்துவிட்டார். "எடா, இது எந்தா? ரத்தமோ?" வேறு ஜெர்ஸி கிடையாது என்பதை மெல்லச் சொன்னேன். அதையே எல்லாரையும் போடச் சொன்னார்.

நெஞ்சில் சிவப்புத் திட்டோடு பன்னிரண்டு பேர் வரிசையாக நடந்து வந்ததைப் பார்த்து, கோழிக்கோட்டிலிருந்து வந்திருந்த ரெஃபரி விசிலை வாயிலிருந்து எடுத்தார். "ரத்தக்கறையோட ஆரும் களிக்கண்டா, ஆடக்கூடாது. மாத்தணும். பதினஞ்சு மினிட்டு தராம். இல்லேன்னா மேட்ச் அவங்களுக்கு."

"சார், இது ரத்தம் இல்லை, வீட்டு மஞ்சள்" என்றேன். சிவப்பைக் காட்டி மஞ்சள் என்கிறவனை அவர் எப்படிப் பார்த்தார் என்பதை விவரிக்க வேண்டாம்.

அம்மாவுக்குப் போன் போட்டேன். "அசமஞ்சமே! ஆரத்தி கரைக்கறச்சே பாத்ததில்லையா? சுண்ணாம்பு பட்டாலும் சோப்பு பட்டாலும் மஞ்சள் செவக்கத்தான் செய்யும். எலுமிச்சம்பழத்தைப் பிழி, பழையபடி ஆயிடும்."

வாசலில் எலுமிச்சை சர்பத் விற்கிறவரிடமிருந்து ஒரு கூடைப் பழத்தையும் கத்தியையும் பிடுங்காத குறையாக வாங்கினேன். வெட்டிக்கொண்டே ஓடினேன். "கோர்ட்டுக்குள்ள கேறாதே!" என்று ரெஃபரி கத்தியது காதில் விழுந்தது, மூளையில் விழவில்லை. நேரே கேப்டன் பிஜுவின் நெஞ்சில் பிழிந்தேன். பாதி ஜெர்ஸியில் விழுந்தது. மீதி, என்னை இழுத்து நிறுத்தக் குனிந்த ரெஃபரியின் வலது கண்ணில் விழுந்தது.

அவர் இடது கண்ணால் நியாயமாகத்தான் நடந்துகொண்டார். சிவப்பு மஞ்சளாக மாறுவதைப் பார்த்தார், விளையாடலாம் என்றார். பிறகு இரண்டு கையையும் ஆங்கில டி எழுத்துப் போல் வைத்துக் காட்டினார். டெக்னிக்கல் ஃபவுல். பெஞ்சில் இருப்பவன் செய்த தப்புக்கு எதிரணிக்கு ஒரு ஃப்ரீ த்ரோ. அது தங்கச்சன் சார் பெயரில்தான் எழுதப்படும் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எதிரணிக்காரன் நிதானமாகப் போட்டான், விழுந்தது, அவர்களுக்கு ஒரு பாயின்ட்.

எங்கள் பையன்கள் எலுமிச்சை வாசனையோடு உயிரைக் கொடுத்து ஆடினார்கள். கடைசி விசில் அடித்தபோது எதிரணி எழுபத்தொன்று, நாங்கள் எழுபது.

டிரெஸ்ஸிங் ரூமில் தங்கச்சன் சார் என் தோளில் கை வைத்து, "ஸாரமில்லடா, போகட்டும். இருபது வருஷத்துல எனக்கு முதல் டெக்னிக்கல். ஒண்ணாவது வேணும் அல்லே" என்றார். இரண்டு அறை கொடுத்திருந்தால் தேவலை என்று இருந்தது. கழிவறைக்குள் போய் அழுதேன். முதலாளி என்னைத் திட்டித் தீர்த்துவிட்டு, சொன்னபடி அணியை மூடினார். விளையாட்டுக்காரர்கள் எல்லாரும் வேறு அணிகளில் சேர்ந்தார்கள். தங்கச்சன் சாரையும் ஒரு அணி எடுத்துக்கொண்டது. மேனேஜரை மட்டும் எந்த அணியும் கேட்கவில்லை. இப்போது ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீஸில் இருக்கிறேன்.

வீட்டுக்கு யாராவது புதிதாக வந்தால் போதும், என் மனைவி காபியை நீட்டியபடியே ஆரம்பித்துவிடுவாள். "எங்காத்துக்காரர் புரொஃபஷனல் பாஸ்கெட்பால்ல பாயின்ட் எடுத்திருக்கார், கேட்டேளா?"

வந்தவர் என் தொப்பையைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டு, "அப்படியா! எத்தனை?" என்பார்.

"ஒண்ணு."

"எந்த டீமுக்கு?"

அடுக்களையிலிருந்து அம்மாவின் குரல் வரும்: "ஜெயிச்ச டீமுக்குத்தான்."