மஞ்சள் லைட்டும் சனிக்கிழமை முடியும் வாரன்டியும்

பீர்மேடு,
வியாழன்.

அன்புள்ள மாப்பிள்ளை சுஜின் அவர்களுக்கு,

மாமனார் வேதமுத்து எழுதுவது. கர்த்தர் கிருபையில் இங்கே எல்லோரும் சுகம். ஷார்ஜாவில் நீங்களும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். மகள் டின்டுவுக்கு ஒன்பதாம் மாதம், நன்றாகச் சாப்பிடுகிறாள். உங்கள் கார் மட்டும்தான் சுகமில்லாமல் கிடந்தது. போனில் சொன்னால் பாதியிலேயே கட் பண்ணிவிட்டு அவளைக் கூப்பிடுவீர்கள். அதனால்தான் எழுதி, படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன். முழுக்கப் படித்துவிட்டுக் கோபப்படுங்கள்.

தலைப்பிரசவம் எங்கள் வீட்டில்தான் என்று நான் பிடிவாதம் பிடித்தபோது, "கார் கண்டிஷனா இருந்தா சரி மாமா, இல்லேன்னா தென்காசிக்கு எங்கம்மாட்ட அனுப்பிருங்க" என்றீர்கள். அந்தப் பயத்தில்தான் எல்லாம் நடந்தது. இங்கே மூணு மணிக்கே மூடுபனி இறங்கிடுது, கார்ல வந்த கம்பெனி லைட் வெளிச்சத்துல எதிரே வர்ற பஸ்கூடத் தெரியாது. ஜீப்காரர் கந்தப்பனிடம் மஞ்சள் லைட் இரண்டு வாங்கி, முப்பத்தோரு வருஷம் தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்தவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று நானே வயரை வெட்டி ஒட்டுப்போட்டு மாட்டினேன். பத்தாம் நாள் ஸ்டியரிங் கல்லாட்டம் இறுகி, முன்னால சிவப்பு விளக்கு எரிஞ்சது. வாரன்டிதான் இருக்கே என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மலையிறங்கி சர்வீஸ் சென்டருக்குப் போனேன்.

அங்கே ரஜீனா என்றொரு பெண் பானெட்டைத் திறந்து என் ஒட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "அங்கிளே, வாரன்டி கம்பெனி செஞ்ச தப்புக்கு மட்டும்தான். வயரை வெட்டினது நீங்க. இதுக்குக் கிட்டாது." எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் உண்டாம். தேய்ஞ்சுபோற பிரேக் பேட், கிளட்ச், வைப்பருக்கெல்லாம் எப்பவுமே கிடையாதாம். அதுக்கப்புறம் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டா பாருங்க: மூணு வருஷ வாரன்டி இந்தச் சனிக்கிழமை முடியுது, நீட்டணும்னா அதுக்குள்ள நீட்டணும், மறுநாள் போய்க் கால்ல விழுந்தாலும் நடக்காது, அதுவும் வண்டியைச் சோதிச்சுப் பார்த்துத்தான் தருவாங்களாம். சர்வீஸ் எல்லாம் நேரத்துக்கு அங்கேயே செஞ்சிருந்ததால தப்பிச்சேன். லைட்டைக் கழட்டி, வயர்க்கட்டைப் புதுசா மாத்தி, நேத்து சோதனையும் பாஸ்.

வண்டி உங்கள் பேரில் இருப்பதால் வாரன்டியை நீட்டுவதற்கான ஓடிபி உங்கள் போனுக்குத்தான் வருமாம். வந்ததும் அனுப்பிவிடுங்கள். இனி அந்த வண்டியில் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடமாட்டேன், வேதப்புத்தகத்தின்மேல் கைவைத்துச் சொல்கிறேன். டின்டுவை மட்டும் தென்காசிக்கு அனுப்பச் சொல்லாதீங்க மாப்பிள்ளை. இந்த நேரத்துல அவ இல்லாம எங்களுக்குச் சோறு இறங்காது.

உங்கள் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காப்பாராக. உங்கள் அம்மாவுக்கு எங்கள் ஸ்தோத்திரம்.

இப்படிக்கு,
மாமனார் வேதமுத்து

பி.கு.: இதைப் படம் எடுக்கப் போகும்போது, மூன்றரை மணிக்கு, டின்டுவுக்கு வலி வந்துவிட்டது. வாசலில் நின்ற கார் கண்ணுக்குத் தெரியவில்லை, அத்தனை பனி. ஜீப்பில் ஏற்றினால் குலுக்கியே கொன்றுவிடும். கந்தப்பன் அதே மஞ்சள் லைட்டோடு ஓடி வந்து, "வயரை வெட்டட்டா அண்ணாச்சி?" என்றார். நான் உங்களையும் நினைத்தேன், வேதப்புத்தகத்தையும் நினைத்தேன். உள்ளே டின்டு அலறினாள். "வெட்டுப்பா" என்றேன். ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்துவிட்டோம். பெண் குழந்தை, தாயும் பிள்ளையும் சுகம். ஸ்டியரிங் மறுபடி இறுகிவிட்டது. வெட்டினதை மறைத்து வாரன்டி வாங்க எனக்கு மனசில்லை. ஓடிபி அனுப்பாதீங்க. நீங்க கிளம்பி வாங்க, மாப்பிள்ளை.