பதினஞ்சு நாள் நைனா எழுதிய நோட்டீஸ்

திருத்தணி கோர்ட்டுக்கு வந்து சேர வேண்டிய வழக்குகளில் பாதியை, கோர்ட்டு வாசலுக்கு நூறு அடி முன்னாலேயே கழுத்தை நெரித்துப் போட்டவர் ஒரே ஒரு ஆள்தான். நான் சொல்லவில்லை. அவரால் பிழைப்புக் கெட்ட வக்கீல்கள் சொல்வார்கள். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது. போன வருஷம் அவர் செத்தபோது ஒட்டிய கண்ணீர் அஞ்சலி போஸ்டரில்கூட 'பதினஞ்சு நாள் நைனா' என்றுதான் பெரிதாகப் போட்டிருந்தது. சொந்தப் பெயரைக் கீழே பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். நான் போய்ப் படிப்பதற்குள் மழையில் கரைந்துவிட்டது.

என்னைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. நான் மூணாங்கிளாஸ். மலைப்படியில் கூடை வைத்துத் தேங்காய் விற்றவன். இன்றைக்குப் பந்தல், பாத்திரம், ஷாமியானா வாடகைக்கு விடுகிறேன். ஆடிக் கிருத்திகைக்கு நான் பந்தல் போடவில்லை என்றால் பாதி ஊர் வெயிலில் காயும். திருவாலங்காட்டிலிருந்து ஆந்திரா பார்டர் வரைக்கும் என் ஷாமியானா நிழலில் தாலி கட்டாத ஜோடி கம்மி. டிகிரி படித்த நாலு பேர் என்னிடம் சம்பளம் வாங்குகிறார்கள். யார் முன்னாலும் கைகட்டி நின்றவன் இல்லை. ஒரே ஒரு தடவை நின்றேன். அது இந்த மனுஷன் முன்னால்.

நைனா வக்கீல் இல்லை. எங்கேயோ ஓர் ஆபீசில் கிளார்க்காக இருந்து ரிட்டையர் ஆனவர். கோர்ட்டுக்குப் போகிற ரோட்டில் லோகநாயகி அம்மா ஒரு ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறது. அதில் ஒரு மூலைதான் அவருக்கு ஆபீஸ். வாங்கிய சாமான் கெட்டுப்போய்விட்டது, ஒத்துக்கொண்ட வேலையைச் செய்து தரவில்லை என்று நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகத் துடிக்கிறவர்கள், போவதற்கு முன்னால் எதிராளிக்கு ஒரு நோட்டீஸ் அனுப்ப வேண்டும் இல்லையா, அதை எழுதித் தருவார். எல்லா நோட்டீஸிலும் 'இது கிடைத்த பதினைந்து நாளுக்குள்' என்று ஒரு வரி வரும். அதனால்தான் அந்தப் பெயர்.

எழுதித் தருவார் என்றேன். அவ்வளவு லேசில் தரமாட்டார். இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி வைத்திருந்தார். ஒன்று நீலம், ஒன்று சிகப்பு. நீல நாற்காலியில் உட்கார்ந்து உங்கள் கதையைக் கேட்பார். கேட்டு முடித்ததும் எழுந்து போய்ச் சிகப்பில் உட்காருவார். உட்கார்ந்த மாத்திரத்தில் அவர்தான் உங்கள் எதிராளி. முகமே மாறிவிடும். எதிராளி என்ன பதில் சொல்வானோ அதை முதலில் சொல்லிக் காட்டுவார். அதற்கு நீங்கள் ஒழுங்காகப் பதில் சொன்னால்தான் மறுபடி நீலத்துக்கு வந்து பேனாவைத் திறப்பார்.

ஆர்.கே.பேட்டையிலிருந்து பவர்லூம்காரர் ஒருவர் வந்தார். கடையில் செம்புக் கம்பிக் காயில் புதுசாகக் கட்டிக்கொடுத்த தறி மோட்டார் ஒரே வாரத்தில் புகைந்துவிட்டது என்று கத்தினார். நைனா சிகப்பில் போய் உட்கார்ந்தார்.

"வோல்டேஜ் கம்மியா இருக்கசொல்ல ஓட்டாதேன்னு சொன்னேனா இல்லியா?"

"சொன்னே. ஆர்டர் அவசரம், ஓட்டினேன். அதுக்கு இன்னா இப்போ?"

"நீ ஓட்டிட்டு என் மேல பழி போடறியா? கட்டிக் குடுத்ததுக்கு வாங்கின காசைத் திருப்பிக் குடுக்கமாட்டேன், போ."

பவர்லூம்காரர் பாய்ந்து நைனாவின் சட்டையைப் பிடித்துவிட்டார். நைனா அசையவில்லை. "சட்டையை விடுங்க. நான் அவன் இல்ல. அவன் இத்தைத்தான் சொல்லுவான்னு சொன்னேன்" என்றார். அந்த ஆள் தலையைச் சொறிந்துகொண்டு பஸ் ஏறிவிட்டார். ஒரு வழக்கு அங்கேயே காலி.

அவரையும் ஒருத்தி ஜெயித்திருக்கிறாள். கனகம்மாசத்திரம் பஸ் ஸ்டாப்பில் மோர் விற்கிற அம்மா. புது பிரிட்ஜ் வாங்கி மூன்றாம் நாளே அது அடுப்பு மாதிரி சுட்டிருக்கிறது. சிகப்பு நாற்காலியிலிருந்து நைனா ஆறு சாக்குச் சொன்னார். ஆறுக்கும் அந்த அம்மா உட்காராமல் நின்றபடியே பதில் கொடுத்தது. ஏழாவது சாக்கு நைனாவுக்கு வரவில்லை. எழுந்து கும்பிட்டுவிட்டு நாலு வரியில் எழுதித் தந்தார். ஒன்பதாம் நாள் புது பிரிட்ஜ் வந்து இறங்கியது. அதற்கப்புறம் அந்தம்மா திருத்தணி வரும்போதெல்லாம் அவருக்கு மோர் வரும். அவருக்கு மோர் ஒத்துக்கொள்ளாது. லோகநாயகி அம்மாதான் குடிக்கும்.

இன்னொரு சட்டமும் வைத்திருந்தார். எதிராளியை ஒரு தடவை திட்டினால் கடையில் இருக்கிற எல்லாருக்கும் ஒரு ரவுண்டு டீ. திட்டினவர் செலவு. "நோட்டீஸ்ல திட்டு வரக் கூடாது. உள்ளே இருக்கறத இங்கேயே எறக்கிட்டுப் போங்க" என்பார். கோபமாக யாராவது அந்த ரோட்டில் வருவது தெரிந்தால் ஆட்டோக்காரர்கள் வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஜெராக்ஸ் எடுக்கிற மாதிரி உள்ளே வந்து நிற்பார்கள்.

நான் போன அன்றைக்கு டீக்கடைக்காரர் இரண்டாம் தடவை பால் வாங்க ஆள் அனுப்பினார். அந்த ரிக்கார்டை இதுவரை யாரும் உடைக்கவில்லை.

விஷயம் இதுதான். என் சின்ன மகள் கல்யாணத்துக்கு பாபு என்று ஒரு வீடியோக்காரன். பேசின பணத்தை அன்றைக்கே எண்ணிக் கொடுத்துவிட்டேன். ஆல்பம் வந்தது, வீடியோ வரவில்லை. கேட்டால் ஹார்டு டிஸ்க் போய்விட்டது என்றான். போகட்டும் என்று நானும் விட்டேன். எட்டு மாசத்தில் எங்கள் வீட்டம்மா தனலட்சுமி நெஞ்சு வலி என்று உட்கார்ந்தவள், எழுந்திருக்கவில்லை.

அவளுக்குக் கேமரா என்றால் ஆகாது. போனைத் தூக்கினாலே முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வாள். ஆல்பத்தில்கூட இரண்டு போட்டோவில்தான் இருக்கிறாள், அதுவும் பாதி முகம். ஆனால் கல்யாணத்தன்று பெண்ணை வாழ்த்திப் பேசச் சொல்லி பாபு மைக்கை நீட்ட, அவள் நின்று பேசியிருக்கிறாள். பார்த்தவர்கள் சொன்னார்கள். நான் பார்க்கவில்லை. நான் அப்போது சாப்பாட்டுக் கூடத்தில் பெரிய மனுஷர்களைக் கவனித்துக்கொண்டிருந்தேன். அவள் குரல் இந்த உலகத்தில் மிச்சம் இருக்கிற இடம் அந்த வீடியோ ஒன்றுதான்.

இதையெல்லாம் நைனாவிடம் சொல்லி, அஞ்சு லட்சம் நஷ்ட ஈடு, மன உளைச்சல், கடையை இழுத்து மூட வேண்டும் என்று வரிசையாகக் கேட்டேன். எட்டு ரவுண்டு டீ ஆகியிருந்தது. நைனா எழுந்து போய்ச் சிகப்பு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நான்தான் பாபு. விடியக்காலம் நாலு மணிக்கு வந்து நின்னேன். முகூர்த்தம் முடிஞ்சுது. நான் சாப்ட்டேனா?"

வழக்கமாக அவர் கேட்கிற முதல் கேள்விதான் அது. கல்யாண வேலை, கட்டட வேலை என்று ஆள் வந்து நின்று செய்கிற வேலை எதுவானாலும் அப்படித்தான் ஆரம்பிப்பார். நான் டீ கிளாஸைக் கையில் எடுத்தேன்.

"இன்னாங்க பந்தல்காரரே, நான் சாப்ட்டேனா?"

"உக்காந்தே," என்றேன்.

"அப்புறம்?"

அப்புறம் நடந்தது ஒரு பெருமைக்காரன் செய்த வேலை. முதல் பந்தியில் பாபுவும் அவன் ஆட்கள் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். இலையில் சாதம் விழுந்தாகிவிட்டது. கட்சிக்காரர் ஒருவர் பத்து பேரோடு உள்ளே வந்தார். இடம் இல்லை. நான் பாபுவின் தோளைத் தட்டி, "டேய், எழுந்திரு, உங்களுக்கு அப்புறம் போடுவாங்க" என்றேன். எழுந்தான். இலையை மடிக்காமல் அப்படியே விட்டுவிட்டுப் போனான். கேமராவை எடுத்துக்கொண்டு திரும்ப வேலைக்குப் போனான். அந்த இலைகளை எடுக்கச் சொல்லி வேறு இலை போட்டோம்.

இதைச் சொல்லி முடித்தேன். ஆட்டோக்காரர்கள் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்கள்.

நைனா நீலத்துக்கு வந்தார். "டிஸ்க் போச்சோ இல்லியோ, இத்தை நோட்டீஸ்ல போடணும்."

"இன்னா நைனா சொல்றே? என் தப்பை நானே எழுதி, நானே கையெழுத்துப் போட்டு, என் காசுலயே ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பணுமா?"

"ஆங்."

"நான் யார் தெரியுமா?"

"தெரியும். அதான் சொல்றேன்."

செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன். ஊரில் வேறு ஆளே இல்லையா, பெரிய வக்கீலை வைத்துப் பார்க்கிறேன் என்று இரண்டு மாசம் திரிந்தேன். வக்கீல் ஒருவர் மூன்று பக்கத்துக்கு எழுதியும் கொடுத்தார். அது என் பையிலேயே கிடந்தது. தபால் ஆபீஸ் வரைக்கும் இரண்டு தடவை போய்த் திரும்பினேன். அவளுக்கு வருஷத் திதி நெருங்கும்போது மகள் போன் பண்ணினாள். என்னென்னவோ பேசிவிட்டு, வைக்கப் போகிற நேரத்தில் சொன்னாள்: "அப்பா, அம்மா குரல் எப்படி இருக்கும்னு எனக்கு மறந்துகினே வருது."

மறுநாள் காலையில் ஜெராக்ஸ் கடையில் போய் நின்றேன். கைகட்டித்தான் நின்றேன். நைனா நீல நாற்காலியில் உட்கார்ந்தார். பேனாவைத் திறந்தார்.

'தாங்கள் எடுத்த என் மகள் கல்யாண வீடியோ எனக்கு வந்து சேரவில்லை. அதில் என் மனைவி பேசியது இருக்கிறது. அவர் இப்போது உயிரோடு இல்லை. அன்று பந்தியில் சாதம் போட்ட பிறகு தங்களையும் தங்கள் ஆட்களையும் இலையிலிருந்து எழுப்பினேன். அது என் தவறு. இது கிடைத்த பதினைந்து நாளுக்குள் வீடியோவைக் கோர்ட்டு ரோட்டில் உள்ள ஜெராக்ஸ் கடையில் ஒப்படைக்க வேண்டுகிறேன். தவறினால் நுகர்வோர் கோர்ட்டில் மனு செய்வேன்.'

"கடைசி வரியை மட்டும் கொஞ்சம் காரமாப் போடலாமா, நைனா?"

"உப்பே போதும். கையெழுத்துப் போடுங்க."

அந்தப் பதினைந்து நாளும் காலை ஏழு மணிக்கு எனக்கு போன் வரும். "இன்னிக்கு ஆறாம் நாள். பாபு கடை இருக்கற தெருப்பக்கம் போனீங்களா?" "இல்ல நைனா." "அவனைப் பத்தி யார்கிட்டயாவது பேசினீங்களா?" "இல்ல நைனா." "சாப்ட்டுத் தூங்குங்க." வைத்துவிடுவார். நோட்டீஸ் கொடுத்த எல்லாருக்கும் இதே போன்தான். காலையில் இருபது பேருக்குப் பண்ணுவார். ஏன் இப்படி உயிரை விடுகிறீர்கள் என்று ஒரு தடவை கேட்டேன். "எனக்கு வேற இன்னா வேலை" என்றார். அதற்கு மேல் அவரிடமிருந்து ஒரு வார்த்தை பெயர்க்க முடியவில்லை. பெண்டாட்டி பிள்ளை இருந்ததா, அவர் யாரோடாவது கோர்ட்டுக்குப் போய் நொந்தாரா என்று ஊரில் ஆளுக்கு ஒரு கதை சொன்னார்கள். எனக்குத் தெரியாது.

பதினாலு நாள் போனது. ஒன்றும் வரவில்லை. பதினைந்தாம் நாள் பதினொரு மணிக்கு பாபு கடைக்குள் வந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு பென்டிரைவை மேஜைமேல் வைத்தான்.

"ஹார்டு டிஸ்க் போகலீங்க. பொய் சொன்னேன். குடுக்க மனசு வரல."

லோகநாயகி அம்மா அதைக் கம்ப்யூட்டரில் சொருகியது. ஆட்டோக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். தனலட்சுமி வந்தாள். அரக்குப் புடவை, தலையில் பாதி வாடின பூ. முந்தானையை முகத்துக்குக் கொண்டுபோனவள் பாதியில் விட்டாள்.

"இன்னாப்பா பேசறது. நல்லா இருக்கட்டும். சண்டை போட்டுக்காத இருக்கட்டும். மாப்பிள்ளை, அவ சீக்கிரம் அழுதுடுவா, பார்த்துக்கோங்க. அவங்கப்பா எங்க? இங்கதான் இருந்தாரு." அங்கே இங்கே தேடினாள். பிறகு நேராகப் பார்த்தாள். என்னைத்தான் பார்க்கிறாள் என்று நினைத்தேன். கேமராவைப் பிடித்திருந்தவனைப் பார்த்தாள்.

"ஏம்ப்பா, கண்ணெல்லாம் உள்ளே போயிருக்குதே. நீ சாப்ட்டியா?"

கேமராவுக்குப் பின்னாலிருந்து பாபுவின் குரல் கேட்டது. "ஆச்சும்மா. வயிறு நெறைய சாப்ட்டேன்."

"அப்ப சரி" என்று சிரித்தாள். அவ்வளவுதான். படம் நின்றது.

என் பக்கத்தில் நின்ற பாபு, "அவங்க கேட்டதாலதான் அழிக்காம வெச்சிருந்தேன்" என்றான். நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். "வீட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்ட்டுப் போப்பா" என்றேன். கையை மெதுவாக எடுத்துக்கொண்டான். "ஆர்.கே.பேட்டையில ஒரு பங்ஷன் இருக்குதுங்க. இன்னொரு நாள் பார்க்கலாம்." அந்த இன்னொரு நாள் இன்னும் வரவில்லை. வராது என்பது எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

நைனா எழுந்தார். "எல்லாரும் வெளியே போங்க" என்றார். ஆட்டோக்காரர்கள் போனார்கள். லோகநாயகி அம்மாவையும் போகச் சொன்னார், அதுவும் போனது. அவரும் வெளியே போய் ஷட்டரை முக்கால்வாசி இறக்கினார். உள்ளே நானும் அவளும்தான்.

நான் மறுபடி போட்டேன். கோர்ட்டு நேரம். பிரமாணப் பத்திரம், பட்டா, ஆதார் என்று ஜெராக்ஸ் எடுக்க ஜனம் வந்துகொண்டே இருந்தது. ஷட்டருக்குக் கீழே நைனாவின் கால் இரண்டும் தெரிந்தன. வெயிலில் நின்றிருந்தார்.

"கரண்ட் இல்லப்பா, அப்புறம் வாங்க."

"இன்னா நைனா, உள்ளே பேன் ஓடற சத்தம் கேக்குதே?"

"அது வேற லைன்பா."

"ஏதோ பொம்பளை பேசற மாதிரியும் கீதே?"

"ரேடியோ. போப்பா."

நோட்டீஸில் ஒரு சொல் கூட்டிப் போடச் சொன்னால் பேனாவை மூடிவிடுகிற மனுஷன், எனக்காகப் பொய்யாக அடுக்கிக்கொண்டிருந்தார். எத்தனை தடவை போட்டுப் பார்த்தேன் என்று எண்ணவில்லை. நான் சத்தம் போட்டு அழுதேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் அழுதேன். அந்தப் பக்கம் அவர் நின்றிருக்கிற வரைக்கும் யாரும் உள்ளே வரமாட்டார்கள் என்று தெரிந்ததால் அழுதேன்.